பிள்ளையார் பெயர் ஒட்டிய கசெட்டுகள்

என் வயதுக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எந்தப் பாட்டு இருக்கலாம், எந்தப் பாட்டு இருந்தால் ஆளையே கொண்டுபோவார்கள் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது என் மகள் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து கொட்டுகிறது. மூன்று கசெட்டுக்குப் பயந்து ஒரு வீடே பேச்சுமூச்சில்லாமல் இருந்தது என்று அவளிடம் முந்திச் சொன்னபோது, "சும்மா கதை விடாதீங்கோம்மா" என்றாள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே விளங்கும்.

எங்கள் வீடு கோணேசர் மலை இருக்கிற துறைமுக ஊரில், லிங்கநகரில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலில் ஏறி நின்று, இறங்கும் சாமான்களை எண்ணி எழுதுவது அவருடைய வேலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, காதில் பென்சில், சைக்கிள் ஹாண்டிலில் மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி, இப்படித்தான் காலையில் போவார். பின்னேரம் வரும்போது சேட்டில் கோதுமைத் தூசு படிந்திருக்கும். கப்பல்காரன் அன்பாகக் கொடுக்கும் சவர்க்காரக் கட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அந்த வாசனைச் சவர்க்காரங்களை நினைத்து அம்மாவுக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

அண்ணா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட பாண்ட் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவன். வீட்டில் ஊதினால் அப்பா ஏசுவார், அக்கம்பக்கமும் ஏசும். ஆகவே கடற்கரைக்குக் கொண்டுபோய் ஊதுவான். விளையாட்டுப் போட்டிக்கு ஊதுகிற அதே மார்ச், திரும்பத் திரும்ப. கோட்டைப் பக்கத்து மான்கள்கூட அவனைக் கண்டால் எழுந்து போய்விடும் என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்தக் கடற்கரையில்தான் அவனுக்கு அந்த வெள்ளைக்காரப் பெடியன் அகப்பட்டான். கோதுமைக் கப்பலொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறவன். கப்பல் ஏதோ பழுதுபட்டு நீண்ட நாள் நின்றுவிட்டது. அண்ணா ஊதுவதைக் கேட்டு வந்து பக்கத்தில் குந்தியிருந்து, வாயாலேயே வேறொரு மெட்டை ஊதிக் காட்டினானாம். அண்ணா அவனைக் கோணேசர் மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். கப்பல் வெளிக்கிடும் நாளில் அவன் மூன்று கசெட்டுகளை அண்ணாவின் கையில் திணித்துவிட்டுப் போனான். மூன்றும் ஒரே குழு பதிந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று தொகுப்புகள்.

அது என்ன வகைப் பாட்டென்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஸ்கா பங்க் என்று மகள் இப்போதுதான் பெயர் சொன்னாள். எங்களுக்கு அது கலியாண வீடுகளில் ஆடுகிற பைலாப் பாட்டு, தலைதெறிக்க ஓடுகிற மாதிரி. முதலாவது கசெட் தகரக் கொட்டிலுக்குள் வைத்துப் பதிந்தது போலிருக்கும். கிட்டார் தாளத்தில் விழாமல், தாளம் விழுந்து முடிந்த இடத்தில் வெட்டும். ட்ரம் அதைத் துரத்தும். பாடுகிறவன் பாடுவதாகவே இல்லை. போய்க்கொண்டிருக்கிற பஸ்ஸை நிற்பாட்டுகிறவன் போலக் கத்துவான். ஒரு பாட்டின் நடுவில் யாரோ சிரித்துவிடுகிறார்கள். அதை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருந்து நானும் சிரிப்பேன்.

இரண்டாவது கசெட்தான் அண்ணாவுக்கு உயிர். அதில் இரண்டு ட்ரம்பெட்டும் ஒரு ட்ரொம்போனும் வந்து சேர்ந்துவிட்டன. அதிபர் மேடையேறும்போது ஊதுகிற அந்தப் பித்தளைச் சாமானால் இப்படியும் கூத்தடிக்கலாமா என்று அவனுக்கு அடங்காத ஆச்சரியம். "பாரடி, அவங்களுக்கும் மூண்டு கட்டைதான், எனக்கும் மூண்டு கட்டைதான்" என்று தன் ட்ரம்பெட்டின் கட்டைகளை அழுத்திக் காட்டுவான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதைப் பதிந்த காலத்தில் அவர்களுக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும். வேகம் குறைந்திருந்தது. பாடுகிறவனின் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் எல்லாரும் சேர்ந்து கத்துகிற இடங்கள் கூடியிருந்தன. ஏழெட்டு ஆண்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓங்கிச் சொல்வார்கள். அறைக் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுக் கேட்டால் வெளியில் நிற்பவருக்குச் சொல் விளங்காது. ட்ரம்மும் ஊதுகுழலும் ஆண்களின் கூட்டுக்குரலும் மட்டும்தான் கேட்கும். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

கசெட்டின் மட்டைகள்தான் முதல் தொல்லை. ஒன்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே முட்டி மடக்கி உயர்த்திய கை. இன்னொன்றில் எரிகிற கார். சுற்றிவளைப்பில் வீட்டுக்குள் வருகிற ஆமிக்காரனுக்கு அதைப் பார்த்தால் போதும். அண்ணா மூன்று மட்டைகளையும் அடுப்பில் போட்டான். கசெட்டில் அச்சடித்திருந்த பெயர் மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டி, 'பிள்ளையார் பாமாலை' என்று எழுதினான். ஆங்கிலப் பாட்டும் உயர்தரச் சோதனையும் ஒன்றாகப் போகாது என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவையும் அதனால் சமாளிக்கலாம் என்று நினைத்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் அப்பா அந்தக் கடதாசியை எப்படி வாசிப்பார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஆமியோடு சண்டைபிடித்த இயக்கத்தின் பாட்டுக் கசெட்டுகள் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றை உள்ளபடியே யாரும் வைத்திருக்கவில்லை. முருகன் பெயரோ அம்மன் பெயரோ எழுதி ஒட்டி, சாமிப் பாட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைப்பார்கள். ஆமிக்குத் தெரியாதாம். ஆனால் ஊரிலுள்ள தாய் தகப்பன் எல்லாருக்கும் தெரியும். கடையில் வாங்கின பக்திக் கசெட்டென்றால் சாமிப் படம் இருக்கும், பாடினவர் பெயர் இருக்கும். பிள்ளையின் கையெழுத்தில் சாமிப் பெயரைக் கண்டால், இயக்கத்துக்குப் போகப் பார்க்கிறான் என்றுதான் பெற்றவர்கள் நினைப்பார்கள்.

அண்ணாவோடு சேர்ந்து பாட்டுக் கேட்க வருகிறவன் பாண்ட் குழுவில் ட்ரம் அடிக்கும் பெடியன். சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வருவான். கை சும்மா இராது. அலுமாரிக் கதவு, கதிரைச் சட்டம், தண்ணீர்க் குடம், என் தலை, எதிலாவது தட்டிக்கொண்டே இருப்பான். அவனுடைய அப்பா மீன்பிடிகாரர். வரும்போது சூடைக் கருவாடு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பான். அம்மாவுக்கு அவனை நல்ல விருப்பம். ஆனால் அவனுடைய தமையன் முந்தின வருடம் இயக்கத்துக்குப் போயிருந்தான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் கப்பல் வரத் தாமதமென்று அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். நான் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். அண்ணாவின் அறை சாத்தியிருந்தது. மூன்றாவது கசெட் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே யன்னலடியில் நின்றார். உள்ளே ஆண்கள் சேர்ந்து கத்தினார்கள், ட்ரம் அதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். திரும்பி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வழக்கமாக வருகிற நேரத்துக்குத்தான் மறுபடி வந்தார்.

அடுத்த நாள் அண்ணா பள்ளிக்கூடம் போன பிறகு, அப்பா வேலைக்குப் பிந்திப் போனார். அலுமாரியைத் திறந்து கசெட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். காய்ச்சலென்று நான் அன்றைக்கு வீட்டில் நின்றேன். சின்னப்பிள்ளை என்று என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

"திருநீறு பூசச் சொன்னா மூஞ்சையைச் சுழிக்கிறவன், பிள்ளையார் பாமாலை கேக்கிறானாம்" என்றார் அப்பா.

அம்மா கசெட்டொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."

"விசரே உனக்கு? சந்தியில ஆமிச் சென்றி நிக்குது. ஒரு சொல் வெளியில கேட்டாக் காணும். நான் நேற்றுக் கேட்டனான்தானே. எல்லாரும் சேர்ந்து பாட்டுப் படிக்கிறாங்கள்."

"அப்ப அவனையாவது கேளுங்கோ."

"அவனைக் கேக்க ஏலாது" என்றார் அப்பா. ஏன் ஏலாது என்று அம்மாவும் கேட்கவில்லை.

எரித்தால் நாடா மணக்கும். வளவில் தாட்டால், சுற்றிவளைப்பில் புதுமண்ணைக் கண்டு கிண்டுவார்கள். கடற்கரையில் கையில் பையோடு நிற்கவே முடியாது. அப்பாவுக்கு ஒரு இடம்தான் தெரிந்தது. வேலைத்தளத்தில் அவர் நாள் முழுக்க ஆழக் கடலுக்கு மேல்தான் நிற்பவர். ஆனால் அங்கே போவதற்கு நேவிக்காரர் நிற்கிற துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும்.

அன்றைக்குப் புதன்கிழமை. அம்மா சாப்பாட்டுப் பெட்டியின் அடியடுக்கில் கசெட்டுகளைத் துணியில் சுற்றி வைத்தார். நடுவில் மீன்குழம்பு, மேலே சோறு. குழம்பு சிந்தியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். அப்பாவும் வேலைத்தளத்தில் பாட்டுக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது.

மத்தியானம் அப்பாவோடு வேலை செய்யும் முஸ்லிம் அண்ணர், கிண்ணியா நானா, வந்தார். துறைமுகத்தில் லோஞ்சுப் படகு ஓட்டுகிறவர். எப்போதும் முற்றத்திலேயே நின்று கதைத்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு விறாந்தை வரைக்கும் வந்தார்.

"தங்கச்சி, பயந்திராதீங்க. ஆள் சுகமாத்தான் இரிக்கார். கேட்டுல புடிச்சு வெச்சிருக்கானுகள்."

நானா வரிசையில் அப்பாவுக்குப் பின்னால்தான் நின்றாராம். புதிதாக வந்த நேவிக்காரன் பெட்டியை அடுக்கடுக்காகக் கழற்றச் சொல்லியிருக்கிறான்.

"கசெட்டக் கண்டதும் பெரியவனக் கூப்பிட்டான். மூண்டையும் ரேடியோவில போட்டானுகள். இங்கிலீசுப் பாட்டு, தங்கச்சி! ஒரே சத்தம். குழலெல்லாம் ஊதுறானுகள். ஒரு சின்னப் பொடியன் காலால தாளமும் போட்டான். உங்கட ஆளுக்கு மட்டும் முகத்தில ரத்தம் இல்ல."

"இங்கிலீசுப் பாட்டோ?" என்றார் அம்மா. அதையே இன்னொரு தரமும் கேட்டார்.

"ஓம். அதுதான் கரச்சல். இங்கிலீசுப் பாட்ட எதுக்குச் சோத்துக்குக் கீழ ஒளிச்ச, எதுக்குச் சாமிப் பேரு எழுதின எண்டு பெரியவன் கேட்டான்."

அந்தக் கேள்விக்கு அப்பா என்ன சொல்ல முடியும்? இயக்கப் பாட்டென்று நினைத்துக் கடலில் போடக் கொண்டுவந்தேன் என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, யாருடைய கசெட் என்பதுதான். எப்படி அப்படி நினைத்தாய், உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நேரே அண்ணாவிடம் வந்து நிற்பார்கள். தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

"களவெடுத்தன் சேர் எண்டு சொன்னார்" என்றார் நானா. "கப்பல்ல களவெடுத்தன், புடிபடாம இரிக்கச் சாமிப் பேரு எழுதினன், பயத்தில திருப்பி வைக்கக் கொண்டுவந்தன் எண்டார். இத்தன காலமா என்ர லோஞ்சிலதான் வாறார். ஒரு ஆணி எடுத்திருப்பாரா, தங்கச்சி?"

வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினோம். பள்ளிக்கூடத்தால் வந்த அண்ணா, ட்ரம்பெட் பையோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். "அது என்ர கசெட். நான் போய்ச் சொல்லுறன்" என்று திரும்பினான். அம்மா ஓடிப்போய் அவனுடைய சேட்டை முதுகோடு பிடித்தார். சேட்டுக் கிழிந்தது.

"நீ போனா ரெண்டு பேரும் உள்ளுக்க. அவர் சொன்னதைச் சொன்னதா விடு!"

அம்மா அப்படிக் கத்தியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்பாவைச் சில கிழமைகள் வைத்திருந்தார்கள். அண்ணா நாள்தோறும் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு, வெறும் பெட்டியோடு வருவான். அம்மா படுத்த படுக்கை. நான் அவனுக்குப் பின்னாலேயே திரிவேன். சாம்பல்தீவுப் பெடியன் வருவது நின்றுவிட்டது. பயந்துவிட்டான் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் மழைக்குள் அவனுடைய அம்மா வந்தார். எங்கள் அப்பா பிடிபட்ட கிழமை, வெள்ளிக்கிழமையே மகன் வீட்டை விட்டுப் போனவனாம், ஆளைக் காணவில்லையாம்.

"தம்பி, உன்னோடதானே எப்பவும் திரிஞ்சவன். உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையம்மா" என்றான் அண்ணா. அவர் நனைந்த குடையை மடக்காமலே திரும்பிப் போனார். அடுத்த வருடம் அந்தப் பெடியனுடைய சாவுச் செய்திதான் வந்தது.

அப்பா மெலிந்து, தாடியோடு திரும்பி வந்தார். துறைமுக வேலை போய்விட்டது. கப்பலில் களவெடுத்ததாகத் தானே ஒப்புக்கொண்டவரை யார் வைத்திருப்பார்கள்? பெரியகடைத் தெருவில் ஒரு இரும்புக்கடையில் ஆணியும் கதவுப் பிணைச்சலும் நிறுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. ஊர் அவருக்கு 'கசெட் கள்ளன்' என்று பெயர் வைத்தது. என் வகுப்புப் பெடியள் நான் போகும்போது வாயால் குழல் ஊதிக் காட்டுவார்கள். அப்பா யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அண்ணா ட்ரம்பெட்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். வழி கிடைத்தபோது வெளிநாடு போய்விட்டான். அவனும் அப்பாவும் தொலைபேசியில் கதைத்தால் மழை, குளிர், பிரசர் குளிசை, அவ்வளவுதான். அந்தக் கசெட்டைப் பற்றி ஒருவரும் மற்றவரிடம் ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

நான் அப்பாவில் கோபமாகத்தான் இருந்தேன். ஒளிப்பானேன்? வாயைத் திறந்து மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலையும் போயிருக்காது, பெயரும் கெட்டிருக்காது, அண்ணாவும் எங்களை விட்டு அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான். பெரியவர்களுடைய மடத்தனத்துக்கு உதாரணமாக இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிலும் சிலரிடம் சொல்லியிருப்பேன். மன்னியுங்கள், அது அரைக்கதை.

இந்த வருடம் விடுமுறைக்கு அண்ணா வந்திருந்தான். அம்மா கண்மூடிய பிறகு இதுதான் முதல் தரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருந்தோம். மகள் மாமாவிடம் அந்தக் குழுவின் பெயரைக் கேட்டுத் தேடிப் பிடித்துவிட்டாள். எங்களுக்குக் கிடைத்த மூன்றுக்குப் பிறகும் அவர்கள் நிறையப் பதிந்திருக்கிறார்களாம். அவள் முதலாவதைப் போட்டாள். தகரக் கொட்டில் சத்தம் வீட்டை நிரப்பியது.

அப்பாவுக்கு இப்போது காது பாதிதான் கேட்கும். ஆனாலும் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "உது நேவிக்காரங்கள் அண்டைக்குப் போட்ட பாட்டெல்லோ" என்றார்.

மகள் பயந்து நிற்பாட்டிவிட்டாள். பிறகு அண்ணா கேட்டான்.

"ஏனப்பா அப்ப என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லை?"

அப்பா யோசிக்கவில்லை. இத்தனை வருடமும் ஆயத்தமாக வைத்திருந்தவர் போலச் சொன்னார். "கேட்டா நீ ஓம் எண்டு சொல்லிப்போடுவாய் எண்ட பயம்."

அந்த வீண் பயத்தை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அண்ணாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"கசெட்டைக் கேட்டிருந்தா இல்லை எண்டிருப்பன்" என்றான். "இயக்கத்துக்குப் போகப் போறியோ எண்டு கேட்டிருந்தா, ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன் அப்பா. அந்த வெள்ளிக்கிழமை ட்ரம் அடிச்சவனும் நானும் போறதாத்தான் இருந்தது. சாம்பல்தீவுச் சந்திக்கு வரச் சொன்னவன். நீங்கள் உள்ளுக்க இருந்தீங்கள். அம்மாவையும் இவளையும் விட்டுட்டு எப்பிடிப் போறது?"

பாட்டு விசயத்தில் அப்பா முழுப்பிழை. பிள்ளை விசயத்தில் அவர் பிழையே விடவில்லை. தெரியாமல் அவர் போய் அகப்பட்டதால்தான் என் அண்ணா உயிரோடு முன்னால் இருக்கிறான். சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. எனக்குச் சந்தோசப்பட முடியவில்லை. என் தலையில் தாளம் தட்டிய அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. அப்பாவுக்கும் அவனுடைய நினைவுதான் வந்திருக்க வேண்டும்.

"அந்தப் பெடியன்..." என்றார் மெதுவாக. "அவன் அங்கை உனக்காக நிண்டவனோ?"

"ஓம்" என்றான் அண்ணா. "சந்தியில கடை வைச்சிருந்தவர் பிறகு சொன்னவர். கனநேரம் நிண்டவனாம். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுப்போட்டு, எங்கட வீட்டுப் பக்கமிருந்து வாற ரோட்டையே பாத்துக்கொண்டு நிண்டவனாம்."

அப்பா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.